மளிகை வரியை எடுப்பதா, ஆளுக்கு இவ்வளவு என்று திருப்பித் தருவதா?

போன மாதம் ஐடஹோ மாநிலத்தில் பாய்சி நகரத்தில் இருக்கும் என் தம்பி ஒரு மளிகை பில்லைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அரிசி, பால், முட்டை, தக்காளி, தயிர், கீழே 6 சதவீதம் வரி. "அக்கா, உங்க ஊர்ல இதை எடுத்துட்டாங்களாமே?" என்று ஒரு வரி.

நான் கன்சாஸில், ஓவர்லாண்ட் பார்க்கில் இருக்கிறேன். எங்கள் மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் மளிகைச் சாமான் மீதான தன் விற்பனை வரியைச் சுத்தமாக எடுத்துவிட்டது. இப்போது பில்லில் வருவது கவுண்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நகரமும் வாங்குவது மட்டும்தான், இரண்டரை மூன்று சதவீதம். அதைச் சொன்னதும் அவன் உடனே, "ஆனா எங்களுக்கு ஆளுக்கு 155 டாலர் திரும்ப வருதே, நாலு பேருக்கு 620, கணக்குப் போட்டா நாங்கதான் லாபம்" என்றான்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவன் சொன்னது அவன் வீட்டுக்குச் சரிதான். ஆனால் ஒரு மாநிலம் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நாடு முழுக்க ஜிஎஸ்டி மாதிரி ஒரே வரி கிடையாது. விற்பனை வரி மாநிலத்தின் கையில், அதற்கு மேல் கவுண்டியும் நகரமும் தங்கள் பங்கைப் போட்டுக்கொள்ளும். பெரும்பாலான மாநிலங்கள் சமைக்காத உணவுப் பொருளுக்கு வரி போடுவதில்லை. ஆர்கன்சாவும் இல்லினாயும் 2026 ஜனவரி 1 முதல் தங்கள் வரியை எடுத்துவிட்ட பிறகு, மாநில அளவில் இன்னும் வாங்குபவை அலபாமா, மிசிசிப்பி, டென்னசி, தெற்கு டகோட்டா, ஐடஹோ, யூட்டா, மிசௌரி, ஹவாய். இவற்றில் பலவற்றில் வருடா வருடம் இதே விவாதம்தான்.

முதலில் தம்பியின் ஊர். ஐடஹோவில் மளிகைக்கும் மற்ற பொருளுக்கும் ஒரே விகிதம், 6 சதவீதம். அதற்கு ஈடாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஆளுக்கு இவ்வளவு என்று கழித்துக் கொடுப்பார்கள், கட்ட வேண்டிய வரியே இல்லையென்றாலும் பணமாகவே வரும். 1965-ல் 3 சதவீத விற்பனை வரியோடு இந்த ஏற்பாடு வந்தபோது ஆளுக்கு 10 டாலர். 2023-ல் 120. 2025-ஆம் வருடக் கணக்கிலிருந்து 155, பில்களைச் சேர்த்து வைத்துக் காட்டினால் 250 வரை கேட்கலாம். 155 டாலரை 6 சதவீதத்தால் வகுத்தால் 2,583 டாலர். அதாவது ஓர் ஆள் வாரத்துக்கு 50 டாலருக்குள் மளிகை வாங்கினால் கட்டிய வரி முழுதும் திரும்பிவிடும். தம்பி வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், வாரம் 180 டாலர் ஆகிறது என்றான். வருடத்துக்கு 9,360 டாலர், அதற்கு வரி 562 டாலர், திரும்புவது 620. ஆக 58 டாலர் மிச்சம். அதோடு சன் வேலிக்குப் பனிச்சறுக்கு விளையாட வெளியூரிலிருந்து வருகிறவர்களும் வரி கட்டுகிறார்கள், அவர்களுக்கு எதுவும் திரும்புவதில்லை. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, ஏனென்றால் பணக்காரர் வாங்கும் விலை உயர்ந்த சால்மன் மீனுக்கு வரி வசூலாகிறது, குறைவாகச் செலவழிக்கும் குடும்பத்துக்குக் கட்டியதைவிட அதிகமாகவே கிடைக்கிறது.

ஆனால் யாருக்கு வரவில்லை என்று பாருங்கள். ஏழைகளுக்கான உணவு உதவித் திட்டத்தை இங்கே ஸ்னாப் என்பார்கள். எந்த மாதம் ஸ்னாப் வாங்கினீர்களோ அந்த மாதத்துக்கு ஐடஹோவின் இந்தத் தொகை கிடையாது. இதற்குச் சொல்லும் காரணம், ஸ்னாப் கார்டில் வாங்கும் பொருளுக்கு எந்த மாநிலமும் விற்பனை வரி போடக் கூடாது என்பது மத்திய சட்டம், ஆகவே அவர்கள் வரியே கட்டுவதில்லையே என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. கடைக்கு ஒருமுறை கூடப் போய்ப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் குடியிருப்பில் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். கார் ஓட்ட முடியாது என்பதால் வாரம் ஒருமுறை நான் கடைக்கு அழைத்துப் போவேன். 2019-ல் ஒரு மாதத்தின் மூன்றாவது வாரம், அப்போது எங்கள் ஊரில் மாநிலம், கவுண்டி, நகரம் எல்லாம் சேர்த்து 9.1 சதவீதம். 40 டாலருக்குச் சாமான் எடுத்திருந்தார். கார்டைத் தேய்த்தால் அதில் 11 டாலர்தான் மிச்சம். அந்த 11 டாலருக்கு வரி இல்லை. மீதி 29 டாலரைக் கையிலிருந்து கட்ட வேண்டும், அதற்கு வரி 2 டாலர் 64 சென்ட். 29 டாலரை நோட்டாகக் கொடுத்துவிட்டு, வரிக்கு மட்டும் பர்ஸிலிருந்து சில்லறையை எடுத்து கவுண்டரில் ஒவ்வொன்றாக வைத்தார்: பத்து கால் டாலர், ஒரு பத்து சென்ட், நான்கு ஒரு சென்ட். பின்னால் நின்றவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் அவர் திரும்பி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். ஸ்னாப் வாங்குபவர் வரி கட்டுவதில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சில்லறைதான் ஞாபகம் வருகிறது.

அப்போது கன்சாஸிலும் திருப்பித் தரும் திட்டம் ஒன்று இருந்தது. அதை ஐடஹோக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு குறைந்த வருமானக்காரர்களுக்கு மளிகை வரியை ரொக்கமாகத் திருப்பித் தந்துகொண்டிருந்தார்கள். சாம் பிரவுன்பேக் ஆளுநராக இருந்தபோது 2012-ல் வருமான வரியைப் பெரிய அளவில் குறைத்தார்கள், கூடவே இந்த ரொக்கத்தையும் எடுத்தார்கள். 2013-ல் அது திரும்ப வந்தது, ஆனால் உருமாறி: ஆளுக்கு 125 டாலர், வருமான வரியில் மட்டும் கழித்துக்கொள்ளலாம், கையில் வராது. மேலே சொன்ன அம்மாவுக்கு வயது தகுதி உண்டு, வருமானத் தகுதி உண்டு, ஆனால் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? யாருக்காக வைத்த திட்டமோ அவர்களிலேயே மிக ஏழைகளுக்கு ஒரு காசும் இல்லை. 2015-ல் பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையை அடைக்க விற்பனை வரியை 6.15-லிருந்து 6.5 சதவீதமாக ஏற்றினார்கள், மளிகைக்கும் சேர்த்துத்தான்.

திருப்பித் தரும் ஏற்பாட்டில் என்னைப் பயமுறுத்துவது இதுதான். பில்லில் 6 சதவீதம் கூடினால் ஊரே கத்தும். வருமான வரி ஃபாரத்தில் ஓர் அடிக்குறிப்பை மாற்றினால் யாருக்கும் தெரியாது. யூட்டாவில் 2019 டிசம்பரில் மளிகை மீதான மாநில வரியை 1.75-லிருந்து 4.85 சதவீதமாக ஏற்றிச் சட்டம் போட்டார்கள், வருமான வரியைக் குறைத்து ஏழைகளுக்குத் தனியாகத் தொகை தருவதாகவும் அதிலேயே இருந்தது. மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மளிகைக் கடை வாசலிலேயே மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகும் அளவுக்குக் கையெழுத்து சேர்ந்தது, 2020 ஜனவரியில் சட்டமன்றமே அதை ரத்து செய்துவிட்டது. கடையில் தெரியும் வரியை மக்கள் காவல் காக்கிறார்கள். ஃபாரத்தில் இருக்கும் சலுகைக்கு அப்படிக் காவல் இல்லை.

சரி, எடுத்துவிட்டால் என்ன ஆகிறது? கன்சாஸில் 2022-ல் லாரா கெல்லி ஆளுநராக இருக்கும்போது சட்டம் வந்தது. ஒரேயடியாக எடுக்கவில்லை. 6.5 சதவீதம் 2023-ல் 4, 2024-ல் 2, 2025-ல் பூஜ்யம். வாரம் 150 டாலருக்கு மளிகை வாங்கும் வீட்டுக்கு வருடத்தில் 7,800 டாலர், அதில் 6.5 சதவீதம் 507 டாலர். எந்த ஃபாரமும் இல்லை, எந்தத் தகுதியும் இல்லை, வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. கான்சாஸ் சிட்டியில் ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு தெரு உண்டு, ஒரு பக்கம் கன்சாஸ், மறுபக்கம் மிசௌரி. மிசௌரியின் மாநில வரி மளிகைக்கு 1.225 சதவீதம்தான், ஆகவே எங்களில் பலர் வாரச் சாமானுக்குத் தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தோம். இப்போது அதற்குத் தேவை இல்லை. தம்பி மாநிலத்திலும் இதே கதைதான்: ஃப்ரூட்லாண்ட், பேயட் ஊர்க்காரர்களுக்கு ஸ்னேக் ஆற்றைத் தாண்டினால் ஓரிகன், அங்கே விற்பனை வரியே கிடையாது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பூஜ்யம் வந்த அதே 2025 ஆரம்பத்தில்தான் பறவைக் காய்ச்சலால் முட்டை விலை எங்கோ போய்விட்டது. வரி போன சந்தோஷத்தை முட்டை ஒன்றே தின்றுவிட்டது, நிறையப் பேருக்கு வரி போனதே தெரியாது. 2024 ஆகஸ்ட் 29-ல் ஓக்லஹோமா தன் 4.5 சதவீதத்தை எடுத்தபோதும் நகர, கவுண்டி வரிகள் அப்படியே நின்றன. "வரியை எடுத்துட்டோம்னு சொன்னாங்க, பில்லில் இன்னும் இருக்கே" என்று கேட்கிறவரிடம் மாநிலப் பங்கு, உள்ளூர்ப் பங்கு என்று பாடம் எடுக்க முடியாது.

எதை மளிகை என்பது என்பதிலும் சிக்கல் உண்டு. எங்கள் ஊர் இந்தியக் கடையில் உறைய வைத்த சமோசா பாக்கெட்டுக்கு மாநில வரி இல்லை, அதே கடையின் மூலையில் சூடாகப் பொரித்துத் தரும் சமோசாவுக்கு முழு வரி. நம் ஊரில் 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்ததே, அந்த மாதிரி. கோடு எங்கே போட்டாலும் அதன் ஓரத்தில் ஒருவர் நிற்பார். இது சின்ன விஷயம், கடைக்காரர்கள் ஒரு மாதத்தில் பழகிக்கொள்கிறார்கள்.

பெரிய விஷயம் பணம். பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லும் முதல் ஆட்சேபம், வரியை எடுத்தால் அதிகம் செலவழிக்கும் பணக்காரருக்குத்தான் அதிக டாலர் மிச்சம் என்பது. உண்மைதான். வருடத்துக்கு 18,000 டாலருக்கு மளிகை வாங்கும் வீட்டுக்கு 6.5 சதவீதத்தில் 1,170 டாலர் மிச்சம். ஆனால் அந்த வீட்டின் வருமானம் இரண்டு லட்சம் டாலர் என்றால் அது அரை சதவீதத்துக்குச் சற்று அதிகம், 30,000 டாலரில் வாழ்கிற வீட்டுக்கு 507 என்பது 1.7 சதவீதம். எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். பணக்காரருக்குக் கொஞ்சம் போகிறதே என்பதற்காக அந்த அம்மா சில்லறை எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா?

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது: அந்தப் பணம் எங்கே போய்க்கொண்டிருந்தது? அலபாமாவில் அது பள்ளிக்கூடத்துக்கு. மாநிலத்தின் விற்பனை வரியில் பெரும் பகுதி கல்விக்கென்று ஒதுக்கிய நிதிக்குத்தான் போகிறது, மளிகை வரியில் ஒரு சதவீதம் குறைத்தாலே ஏறத்தாழ 15 கோடி டாலர் போய்விடும். அதனால் 2023 செப்டம்பரில் 4-லிருந்து 3 ஆக்கியபோதே, அடுத்த ஒரு சதவீதம் குறைய வேண்டுமானால் கல்வி நிதி 3.5 சதவீதம் வளர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 2024-ல் அந்த வளர்ச்சி வரவில்லை, வரியும் குறையவில்லை. பிறகு 2025-ல் புதுச் சட்டம் போட்டு அந்த செப்டம்பரிலிருந்து 2 ஆக்கினார்கள். இந்த நிதானம் எனக்குப் பிடிக்கிறது. தலைநகர் மான்ட்கோமரியில் எல்லாம் சேர்த்து 10 சதவீதமாக இருந்தது 8 ஆகியிருக்கிறது, எட்டுமே அதிகம்தான், ஆனால் ஆசிரியர் சம்பளத்தில் கை வைத்து அரிசியில் மிச்சம் பிடிப்பது எந்தக் குடும்பத்துக்கும் உதவாது.

மிசிசிப்பியில் 7 சதவீதம் இருந்தது, நாட்டிலேயே அதிகம். 2025 ஜூலை 1 முதல் 5. அங்கே நகர எல்லைக்குள் வசூலாகும் விற்பனை வரியில் 18.5 சதவீதத்தை மாநிலம் அந்த நகரத்துக்கே திருப்பிக் கொடுக்கும். வரி குறைந்தால் நகரத்துக்கும் குறையுமே? மளிகைக்கு மட்டும் அந்தப் பங்கை 25.9 சதவீதமாக ஏற்றினார்கள். ஏழில் 18.5 சதவீதமும் ஐந்தில் 25.9 சதவீதமும் ஒரே தொகை, போட்டுப் பாருங்கள். நகரங்கள் நஷ்டமில்லாமல் தப்பின. யாரோ உட்கார்ந்து பொறுப்பாகச் செய்த வேலை இது.

இல்லினாயில் இப்படி யோசிக்கவில்லை, அல்லது யோசித்தும் வேறு வழியில் போனார்கள். அங்கே மளிகை வரி 1 சதவீதம்தான், அது முழுக்க உள்ளூர்களுக்குப் போன பணம். மாநிலம் வரியை எடுத்துவிட்டு, வேண்டுமானால் நீங்களே தீர்மானம் போட்டு அதே 1 சதவீதத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. நூற்றுக்கணக்கான ஊர்கள் தீர்மானம் போட்டுவிட்டன. அந்த ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு என்ன மாறியது? நியூ மெக்சிகோ இதைவிடப் பழைய பாடம். 2004-ல் உணவுக்கு விலக்கு அளித்து, நகரங்களின் நஷ்டத்தை மாநிலமே ஈடுகட்டும் என்றார்கள். பிறகு 2015 முதல் அந்த ஈட்டுத் தொகையை 15 வருடத்தில் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்து, பதிலுக்கு மற்ற பொருள்கள் மீது வரியை ஏற்றிக்கொள்ள நகரங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். அரிசிக்கு வரி போனது, செருப்புக்கும் சோப்புக்கும் கூடியது.

இன்னொரு வழி, மளிகையைத் தனியாகப் பார்க்காமல் எல்லாப் பொருளுக்கும் கொஞ்சம் குறைப்பது. தெற்கு டகோட்டாவில் 2022 தேர்தலின்போது ஆளுநர் கிறிஸ்டி நோம் மளிகை வரியை எடுப்பேன் என்றார். சட்டமன்றம் சம்மதிக்காமல் பொது விகிதத்தை 4.5-லிருந்து 4.2 ஆக்கியது, அதுவும் 2027 வரைக்கும்தான். ஆயிரம் டாலருக்கு மளிகை வாங்கினால் மிச்சம் மூன்று டாலர். இதை நிவாரணம் என்று யாரும் உணர மாட்டார்கள், அதிகம் பயன் பெறுவது பெரிய பொருள் வாங்குகிறவர்கள். இந்த வழியை நான் பட்டியலிலேயே வைக்க மாட்டேன். டென்னசி 2023-ல் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மூன்று மாதம் மட்டும் 4 சதவீதத்தை நிறுத்தி வைத்ததும் அப்படித்தான், நவம்பரில் எல்லாம் பழையபடி.

தெற்கு டகோட்டா மக்கள் பிறகு மளிகை வரியை எடுக்கலாமா என்று நேரடி வாக்கெடுப்புக்கே போனார்கள், 2024 நவம்பரில். கிட்டத்தட்ட 69 சதவீதம் பேர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள்! மளிகை வரி வேண்டும் என்று அவர்களுக்கு ஆசையா? இல்லை. எழுதிய விதம் அப்படி. "மனிதர் உட்கொள்வதற்காக விற்கும் எதற்கும்" மாநிலம் வரி போடக் கூடாது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள், மதுவும் சமைத்த உணவும் மட்டும் இதில் சேராது. அப்படியானால் சிகரெட்? பற்பசை? நகரங்கள் தொடர்ந்து வாங்கலாமா கூடாதா? எதற்கும் தெளிவான பதில் இல்லை. அந்த மாநிலத்தில் வருமான வரி கிடையாது, விற்பனை வரிதான் முதுகெலும்பு, வருடத்துக்கு 12 கோடி டாலருக்கு மேல் போய்விடும் என்ற மதிப்பீடு வேறு. நல்ல காரியத்தை அவசரமாக ஒரே வாக்கியத்தில் எழுதி அடுத்த பத்து வருடத்துக்குத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று எனக்கு இன்றும் வருத்தம். வருமான வரிக் கணக்கே இல்லாத மாநிலத்தில் ஐடஹோ மாதிரி திருப்பித் தரவும் தனியாக ஓர் அலுவலகமே வேண்டும்.

ஆகவே என் கருத்தைக் கேட்டால்: மாநிலப் பங்கை எடுத்துவிட வேண்டும், மூன்று நான்கு வருடத்தில் படிப்படியாக, மிசிசிப்பி செய்த மாதிரி நகரங்களின் பங்கை முதலில் சரிக்கட்டிவிட்டு, அலபாமா மாதிரி பள்ளிக்கூட நிதியைப் பார்த்துக்கொண்டு. திருப்பித் தரும் தொகை கணக்கில் ஜெயித்தாலும் கைக்கு வந்து சேர்வதில் தோற்கிறது.

ஐடஹோவுக்கு இது மற்றவர்களைவிடச் சுலபம் என்றுகூடச் சொல்வேன். வசூலிக்கும் பணத்தில் பெரும் பங்கை மாநிலம் ஏற்கெனவே 155, 155 ஆகத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நிகர நஷ்டம் பார்ப்பதற்குத் தோன்றுகிற அளவு இருக்காது. 2017-ல் சட்டமன்றம் வரியை எடுக்கச் சட்டம் நிறைவேற்றியது, ஆளுநர் புட்ச் ஓட்டர் வீட்டோ செய்துவிட்டார், வீட்டோ காலம் கடந்து வந்தது என்று வழக்குப் போட்டும் பயன் இல்லை. 2025-லும் வரியைத் தொடாமல் தொகையைத்தான் ஏற்றினார்கள். நஷ்டப்படுகிறவர்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஸ்னாப் இல்லாமல், வாரம் 30 டாலரில் சமாளிக்கும் ஒருவர் வருடத்துக்குக் கட்டுவது 94 டாலர், பெறுவது 155. வரியையும் தொகையையும் சேர்த்து எடுத்தால் அவருக்கு 61 டாலர் போகும். அவருக்காகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு மட்டும் ஒரு சின்னத் தொகையைச் சில வருடமாவது வைத்திருக்க வேண்டும், கையில் பணமாக வரும்படி, ஸ்னாப் மாதங்களைக் கழிக்காமல்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். "58 டாலர்தானே, போனா போகட்டும்" என்றான். அதற்கு முன்னால் ஒன்று செய் என்று கேட்டுக்கொண்டேன். அவன் வீட்டுக்கு எதிரே ஓய்வு பெற்ற ஒரு தம்பதி இருக்கிறார்கள், வருமானம் குறைவு, வரிக் கணக்கே தாக்கல் செய்வதில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக ஐடஹோவில் ஃபாரம் 24 என்று தனியாக ஒன்று உண்டு, அதை மட்டும் நிரப்பி அனுப்பினால் போதும், தொகை வரும். போன ஞாயிற்றுக்கிழமை அச்செடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறான். இருவருக்குமாக 310 டாலர். அப்படி ஒரு ஃபாரம் இருப்பதே இத்தனை வருடமாக அவர்களுக்குத் தெரியாதாம்.